மெயின் லைன்: முதன்மை இழந்த முதன்மைப் பாதை

விழுப்புரம் சந்திப்பைத் தாண்டித் திருச்சிக்குப் போகும் ரயில்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று நேராக விருத்தாசலம், அரியலூர், லால்குடி என்று போய்த் திருச்சியில் விடும். மற்றொன்று கிழக்கே திரும்பிப் பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு அதே திருச்சிக்கு வந்து சேரும். முதல் வழி 178 கிலோமீட்டர். இரண்டாவது ஏறத்தாழ 242 கிலோமீட்டர். வைகை, பாண்டியன், நெல்லை, கன்னியாகுமரி என்று பெயர் பெற்ற வண்டிகள் எல்லாம் முதல் வழியில்தான் போகின்றன. ஆனால் ரயில்வே ஊழியர் பேச்சிலும் காவிரி டெல்டாக்காரர் பேச்சிலும் அந்த நேர்வழிக்குக் ‘கார்டு லைன்’ என்று பெயர். ‘மெயின் லைன்’ என்ற பெயர் சுற்றுவழிக்கு.

பள்ளிக்கூடக் கணக்கில் வட்டத்தின் ஒரு துண்டை வில் என்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்க்கோட்டை நாண் என்றும் படித்திருப்போம். ரயில்வேக்காரர் சொல்லும் ‘கார்டு’ அந்த நாண்தான். வில் முதலில் வந்தது. அரை நூற்றாண்டு கழித்தே அதற்கு நாண் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு வில்லை மறந்துவிட்டார்கள் என்பது டெல்டா மக்களின் நெடுநாள் குறை. அந்தக் குறையில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், பாதை ஏன் முதலில் வளைந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. கோயில் ஊர்களும் யாத்திரிகர் கூட்டமும் அந்தப் பக்கம் இருந்தன என்பது ஒன்று. காவிரி நெல்லையும் அதன் வருமானத்தையும் குறிவைத்துப் போட்டார்கள் என்பது இன்னொன்று. கடல்துறைமுகங்களை இணைக்கப் போட்டார்கள் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் எந்தப் பகுதி எந்த ஆண்டில் திறக்கப்பட்டது என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், துறைமுகமே முதல் காரணம் என்று எனக்குத் தெளிவாகத் தோன்றுகிறது. மற்ற இரண்டும் போட்ட பாதையை வாழவைத்த காரணங்கள்.

தமிழ்நாட்டின் தென்பகுதிக்கு ரயில் சென்னையிலிருந்து வரவில்லை, நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. 1858இல் இங்கிலாந்தில் பதிவான கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி நாகப்பட்டினம் துறைமுகத்தில் தொடங்கி மேற்கே பாதை போட்டது. 1861இல் வண்டி தஞ்சாவூருக்கு வந்தது. 1862இல் திருச்சி. பிறகு கரூர் வழியாக 1868இல் ஈரோட்டை எட்டி, சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் மெட்ராஸ் ரயில்வேயின் பாதையோடு இணைந்தது. கடலில் தொடங்கி உள்நாட்டுக்குள் கை நீட்டும் பாதை இது. உள்ளே விளைந்ததைக் கப்பலுக்குக் கொண்டுவருவதும், கப்பலில் வந்ததை உள்ளே கொண்டுபோவதும் அதன் வேலை.

இதில் இன்றைக்கு வேடிக்கையாகப் படும் ஒரு நிலை உண்டு. 1870களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயிலிலேயே போக நினைத்த ஒருவர் அரக்கோணம், ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, கரூர், திருச்சி என்று தமிழகத்தின் மேற்குப் பகுதியைச் சுற்றித்தான் தஞ்சாவூரில் இறங்க முடியும். சிதம்பரத்துக்கோ கும்பகோணத்துக்கோ ரயிலே கிடையாது. மாட்டுவண்டிதான்.

அடுத்து வந்தது கேஜ் பற்றிய முடிவு. முதல் பாதைகள் பெரும்பாலும் ஐந்தரை அடி அகலத்தில் போடப்பட்டவை. 1870இல் வைசிராய் மேயோ பிரபுவின் அரசு, செலவைக் குறைக்கப் புதிய பாதைகளைக் குறுகலாகப் போடலாம் என்று முடிவெடுத்தது. இந்தியா விரைவில் மெட்ரிக் அளவுக்கு மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பில் அந்தக் குறுகிய அகலத்தைச் சரியாக ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். மெட்ரிக் அளவு நாட்டுக்கு வர இன்னும் எண்பது, தொண்ணூறு ஆண்டு ஆனது. மீட்டர் கேஜ் மட்டும் உடனே வந்து தமிழகத்தில் நிலைத்துவிட்டது. 1874இல் கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வே கம்பெனியும் சேர்ந்து சவுத் இண்டியன் ரயில்வே ஆயின. புதிய கம்பெனி மீட்டர் கேஜில் இறங்கியது. ஏற்கெனவே அகலமாகப் போட்டிருந்த நாகப்பட்டினம் பாதையைக்கூடப் பெயர்த்து மீட்டர் கேஜாக்கியது. நூற்றிருபது ஆண்டு கழித்து அதே பாதையை மறுபடி பெயர்த்து அகலப்படுத்தினோம். அந்தச் சிக்கனத்துக்கு நாம் கடைசியில் கொடுத்த விலை அது.

மீட்டர் கேஜில் முதலில் போட்டது எந்தப் பக்கம் என்று பார்த்தால் மறுபடியும் துறைமுகம்தான். திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல். இலங்கை மலைத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, நெல்லைச் சீமைப் பருத்தி கப்பலேற வேண்டியிருந்தது. இந்த இரண்டும் காத்திருக்கவில்லை. சென்னை காத்திருந்தது.

சென்னையிலிருந்து தெற்கே பாதை போட்ட அதே ஆண்டுகளில்தான் தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தை அழித்துக்கொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை பசியிலும் கொள்ளைநோயிலும் பல லட்சம் பேர் செத்தார்கள். ரயில் பஞ்சத்தைத் தீர்த்ததா, கூட்டியதா என்ற விவாதம் அன்று தொடங்கி இன்றுவரை முடியவில்லை. பாதை இருந்த இடத்துக்குத் தானியம் வேகமாகப் போனது உண்மை. பாதை இருந்ததாலேயே தானியம் விலை அதிகமான ஊரைத் தேடி ஓடியதும் உண்மை. அரிசியை விலைக்கு வாங்கித் தின்றவருக்கு ரயில் அருகில் இருந்தது மட்டும் பசியை ஆற்றவில்லை. ஆனால் 1880இல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷன் இன்னும் அதிக ரயில் வேண்டும் என்ற முடிவுக்கே வந்தது.

சென்னை, செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் என்று வந்த பாதைக்கு அங்கிருந்து தெற்கே ஆறுகள்தான் தடை. கெடிலம், வெள்ளாறு, அதன் பிறகு கொள்ளிடம். கடலை நெருங்கும் இடத்தில் கொள்ளிடம் அகன்று மணல் விரித்துக் கிடக்கும். வெள்ளம் வந்தால் கரை தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொள்ளிடத்தின் இரு கரையிலும் பாலத்துக்காகக் காத்திருந்தன. 1880 வாக்கில் எல்லாம் இணைந்து, சென்னையில் ஏறினால் தூத்துக்குடியில் இறங்கலாம் என்ற நிலை வந்தது. ஏறத்தாழ 715 கிலோமீட்டர். இதுதான் சவுத் இண்டியன் ரயில்வேயின் மெயின் லைன்.

அப்போதே விழுப்புரத்திலிருந்து நேராகத் திருச்சிக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அந்த வழியில் இருந்தது வறண்ட மேட்டுநிலம். திருச்சிக்கு அருகே கொள்ளிடம், காவிரி இரண்டையும் அடுத்தடுத்துக் கடக்க வேண்டும். சுற்றுவழியிலோ தஞ்சாவூரிலிருந்து திருச்சிவரை பாதை ஏற்கெனவே இருந்தது. நடுவில் ஊருக்கு ஊர் டிக்கெட் வாங்க ஆளும் இருந்தது. கம்பெனிக்காரன் கணக்கில் சுற்றுவழி மலிவு, வரும்படியும் அதிகம். வளைவு பிழையில் வந்ததன்று. அன்றைய கணக்குக்கு அதுவே நேர்வழி.

பாதை வந்த இருபது ஆண்டுக்குள் டெல்டா அதை எவ்வளவு தன்னுடையதாக்கிக்கொண்டது என்பதற்கு ஒரு சான்று மாயவரம் – முத்துப்பேட்டை ரயில். தஞ்சாவூர் ஜில்லா போர்டு மக்களிடம் தனி வரி வசூலித்து, அந்தப் பணத்தில் 1894இல் இன்றைய மயிலாடுதுறையான மாயவரத்திலிருந்து தெற்கே கிளைப்பாதை போட்டது. இந்தியாவில் உள்ளாட்சி அமைப்பு ஒன்று தன் பணத்தில் ரயில்பாதை போட்டதில் இது முன்னோடி முயற்சி. ரயில் வேண்டும் என்று மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மக்களல்லர் இவர்கள். வரி கட்டி வாங்கியவர்கள். இன்று டெல்டாக்காரர் தம் பாதை பற்றிப் பேசும்போது குரலில் உரிமை ஒலிப்பதற்கு இந்தப் பழைய கதையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு, பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு, விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு என்று கிளைகள் விரிந்தன. தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை 1879இல் திறந்த புதுச்சேரிப் பாதை வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறியது. பண்ருட்டிப் பலாவும் கும்பகோணம் வெற்றிலையும் சென்னைச் சந்தைக்கு வந்தன. டெல்டாவிலிருந்து வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வித்வான்களும் மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் குடிபெயர்ந்தது இந்த வண்டியில்தான். அதே வண்டியில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் இன்னொரு கூட்டம் நாகப்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் போனது. நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். தூத்துக்குடிப் பக்கம் போனவர்களைத் தட்டப்பாறை முகாமில் தங்கவைத்துப் பிறகு இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள். மலையகத்திலும் மலேயாவிலும் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முதல் ரயில் பயணம் மெயின் லைனில் நடந்ததுதான்.

1897 பிப்ரவரியில் நடந்த ஒரு சம்பவம் இந்தப் பாதை மக்கள் வாழ்வில் எவ்வளவு ஊன்றிவிட்டது என்பதைக் காட்டும். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் இறங்கி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் வந்து மூன்று நாள் தங்கிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினார். சென்னைக்குச் சற்று முன்னே ஒரு சிறு நிலையத்தில் நூற்றுக்கணக்கானவர் கூடியிருந்தார்கள். மெயில் வண்டி அங்கே நிற்காது. நிறுத்தச் சொல்லிக் கேட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் மறுத்துவிட்டார். கூட்டம் தண்டவாளத்தில் படுத்துவிட்டது. வண்டியோடு வந்த கார்டு நிலைமையைப் புரிந்துகொண்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். தண்டவாளத்தில் படுத்து நாட்டின் கவனத்தை ஈர்க்கும் வழக்கத்துக்குத் தமிழகத்தில் இது மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று.

பாதையின் தென்முனையில் அரசியல் வேறு விதமாகக் கனன்றது. தூத்துக்குடி – கொழும்புக் கப்பல் போக்குவரத்து வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தது. வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி அந்தக் கடல்வழியில் போட்டிக்கு இறங்கினார். 1908இல் அவர் சிறைப்பட்டார். 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மணியாச்சி சந்திப்பில், மெயில் வண்டியோடு இணைவதற்காக நின்ற முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தபோது வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். ரயிலும் கப்பலும் ஆட்சியும் ஒரே கை என்று அன்றைய இளைஞர்கள் கண்டிருந்தார்கள்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. கொழும்புக் கப்பலோடு இணையும் ‘போட் மெயில்’ வண்டி தூத்துக்குடியை விட்டுத் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. தனுஷ்கோடியில் வண்டியை விட்டு இறங்கினால் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்ற நீராவிக் கப்பல்களில் ஒன்று காத்திருக்கும். கடலைக் கடந்தால் தலைமன்னாரில் இலங்கை ரயில். எழும்பூரிலிருந்து கொழும்புக்கு ஒரே பயணம். எழும்பூர் நிலையமே அப்போது புதிது. ஹென்றி இர்வின் வரைபடத்தில், சாமிநாத பிள்ளை கட்டி, 1908இல் திறந்தது. ஒரு சர்வதேசப் பயணத்தின் தொடக்க நிலையம் என்ற கம்பீரம் அந்தக் கட்டடத்துக்குப் பொருந்தித்தான் இருந்தது.

அந்தக் கம்பீரத்தின் அடியில் கிடந்த அழுக்கையும் சொல்லியாக வேண்டும். நிலையங்களில் இருந்த சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று பலகை தொங்கியது. ஒரே டிக்கெட், ஒரே பெட்டி, ஒரே கட்டணம். சாப்பிட உட்காரும்போது மட்டும் சாதி. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் பத்திரிகையிலும் மேடையிலும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை ரயில்வேயில் நீங்கியது. ரயில் சாதியைக் கரைத்தது என்று எழுதுபவர்கள் இந்தப் பலகையை மறந்துவிடுகிறார்கள். ரயில் தானாக எதையும் கரைக்கவில்லை. போராடியவர்கள் கரைத்தார்கள்.

1920களின் இறுதியில் இரண்டு மாற்றங்கள் ஒரே சமயத்தில் வந்தன. இரண்டுமே டெல்டாவின் கிழக்குக் கரையை இளைக்கச் செய்தன. முதலாவது, விழுப்புரம் – திருச்சி கார்டு லைன். மதுரைக்கும் அதற்குத் தெற்கேயும் போக்குவரத்து பெருகிவிட்டது. ஒவ்வொரு வண்டியும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகச் சுற்றுவது கரிச் செலவு, நேரச் செலவு. நாண் ஏற்றுவது சரியான முடிவு. இதில் வாதாட ஒன்றுமில்லை. இரண்டாவது, கம்பெனியின் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி பொன்மலைக்குப் போனது. பாதைக்குப் பிறப்பிடமான நாகப்பட்டினம் வேலையையும் தொழிலாளர் குடும்பங்களையும் இழந்தது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928 ஜூலையில் வெடித்த தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் தமிழகத் தொழிற்சங்க வரலாற்றின் பெரிய அத்தியாயம். தொழிற்சங்கத் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறை சென்றார்கள். பொன்மலை அதோடு அடங்கவில்லை. 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள்.

1944இல் அரசு கம்பெனியை எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக ரயில்வே பிறந்தது. அதற்குப் பிறகு நாட்டின் கண் கார்டு லைன் பக்கமே இருந்தது. டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி 1953 ஜூலையில் மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தது அந்தப் பாதையில். 1956 நவம்பர் 23 அதிகாலையில், மழைவெள்ளத்தில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் நிலைகுலைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து 140க்கும் மேற்பட்டோர் இறந்ததும் அந்தப் பாதையில்தான். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அரியலூர் என்ற பெயர் அன்று இந்தியா முழுவதும் ஒலித்தது. மெயின் லைன் ஊர்கள் செய்தியிலிருந்து மெல்ல விலகின.

ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றைப் பாதையில் வண்டி எப்படி ஓடியது என்பதை, மீட்டர் கேஜ் காலத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரே தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டி அதில் நுழைந்துவிடக் கூடாது. அதற்காக இரு நிலையத்திலும் மின்கம்பியால் பிணைத்த டோக்கன் இயந்திரம் இருக்கும். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டரும் மணியடித்துப் பேசிச் சம்மதித்தால்தான் இயந்திரம் உள்ளிருந்து ஓர் இரும்புப் பந்தை வெளியே விடும். ஒன்று வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. அந்தப் பந்தைத் தோல்பையில் போட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டியிருப்பார்கள்.

சிறு வயதில் டெல்டாவின் ஒரு சிறு நிலையத்தில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிற்காத வண்டி வருகிறது என்றால் பாயின்ட்ஸ்மேன் வளையத்தைத் தோளுக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் விளிம்பில் நிற்பார். இரவானால் இன்னொரு கையில் விளக்கு. கரி இன்ஜின் இரைந்துகொண்டு வரும். ஃபயர்மேன் படியில் தொங்கி, போன பகுதியின் வளையத்தை வீசிவிட்டு, கையை நீட்டி இந்த வளையத்துக்குள் நுழைப்பார். வளையம் முழங்கையில் மாட்டிச் சுழன்று தோளில் அறையும். அடுத்த கணம் பெட்டிகளின் வெளிச்சம் முகத்தில் வரிசையாக அடித்துக்கொண்டு போகும். பாயின்ட்ஸ்மேன் இருட்டில் குனிந்து, வீசிய வளையத்தைத் தேடி எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு நடப்பார். ஆயிரம் பேரின் உயிர் அந்தத் தோல்பையில் இருந்தது. அதை நடத்திய கடைநிலை ஊழியரின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

1960களில் தாம்பரம் – விழுப்புரம் பகுதி மின்மயமானது. மீட்டர் கேஜில் நெடுந்தூர மின்வண்டி ஓடிய பாதை இந்தியாவில் இது ஒன்றுதான். 1977 ஆகஸ்ட் 15 அன்று வைகை எக்ஸ்பிரஸ் கார்டு லைனில் ஓடத் தொடங்கியதும் தமிழக ரயிலுக்கு ஒரு புதிய அளவுகோல் வந்துவிட்டது. மதுரைக்குப் பகலிலேயே போய்ச் சேரலாம். எத்தனை ஊரைத் தொட்டது என்று கேட்டவர்கள் இப்போது எத்தனை மணி நேரம் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியில் மெயின் லைன் எந்நாளும் தோற்கும்.

கடல்முனையும் அதற்குள் போய்விட்டிருந்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். இலங்கையில் இனப்போர் மூண்ட 1980களில் அதுவும் நின்றது. துறைமுகத்துக்காகப் பிறந்த பாதை தன் கடல்வழித் தொடர்ச்சியை இழந்தது.

அகலப்பாதை மாற்றம் வந்தபோது எது முந்தியது என்று சொல்லவே வேண்டியதில்லை. கார்டு லைன் 1990களிலேயே அகலப்பாதை ஆனது. மெயின் லைனில் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று துண்டு துண்டாக வேலை நகர்ந்தது. கடைசித் துண்டான மயிலாடுதுறை – விழுப்புரம் 122 கிலோமீட்டர் 2006 இறுதியில் மூடப்பட்டது. மீண்டும் பயணிகள் வண்டி ஓடியது 2010இல். மூன்று ஆண்டுக்கு மேல் சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நேர் ரயில் இல்லை. ஒருமுறை பேருந்துக்குப் போன கூட்டம் எளிதில் திரும்பி வராது. நூறாண்டு வழக்கம் மூன்றாண்டில் கலைந்துவிடும்.

அதன் பிறகு நல்லதும் நடந்திருக்கிறது. சோழன் எக்ஸ்பிரஸ் பகலில் ஓடுகிறது, உழவன் எக்ஸ்பிரஸ் இரவில் ஓடுகிறது. பாதை முழுவதும் மின்மயமாகிவிட்டது. திருச்சி – தஞ்சாவூர் இரட்டைப் பாதை ஆகிவிட்டது. ஆனால் தஞ்சாவூரிலிருந்து விழுப்புரம் வரை ஏறத்தாழ 190 கிலோமீட்டர் இன்னும் ஒற்றைப் பாதை. பிரம்பு வளையம் போய்விட்டது, எதிர்வண்டிக்காகக் காத்திருப்பது போகவில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு தரப்பாரும் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டெல்டாக்காரர் சிலர், தெற்கே போகும் வண்டிகளைப் பழையபடி மெயின் லைனில் திருப்பிவிட வேண்டும் என்கிறார்கள். திருநெல்வேலிக்காரர் ஏன் அறுபது கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்ற வேண்டும்? அது நியாயமாகாது. ரயில்வே பக்கத்து வாதமோ, இருக்கும் வண்டிகளுக்கு ஒற்றைப் பாதையே போதும் என்பது. ஒற்றைப் பாதையாக இருப்பதால்தான் வண்டி கூட்ட முடியவில்லை. கூட்டாத வண்டியைக் காட்டித் தேவை இல்லை என்று சொன்னால் அந்தக் கணக்கு ஒருநாளும் தீராது.

என் பார்வையில் மெயின் லைனைக் கார்டு லைனோடு வேகத்தில் ஒப்பிடுவதே பிழை. இரண்டுக்கும் வேலை வேறு. நாண் இரு முனைகளை இணைக்கிறது. வில், நடுவில் இருப்பவர்களை இணைக்கிறது. கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று மூன்று மாவட்டத் தலைநகரங்கள் இந்தப் பாதையில் இருக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சீர்காழி, வைத்தீஸ்வரன்கோவில், குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம், தாராசுரம், சுவாமிமலை, பாபநாசம் என்று நிலையப் பலகைகளை வாசித்துக்கொண்டே போனால் அடுத்த பலகை வருவதற்கு அதிக நேரம் ஆகாது. அவ்வளவு நெருக்கமாக ஊர் கோத்த நெடுந்தூரப் பாதை இது. இந்தப் பாதைக்குத் தேவை ஊருக்கு ஊர் நின்று போகும் வண்டிகள். தஞ்சாவூர் – மயிலாடுதுறை – கடலூர் இடையே மாணவருக்கும் கூலிக்காரருக்கும் நோயாளிக்கும் பயன்படும் வண்டிகள், மணிக்கு ஒன்றாகவாவது. அதை ஒற்றைத் தண்டவாளத்தில் நடத்த முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. கார்டு லைனில் விபத்தோ வெள்ளமோ வந்தால் தென்மாவட்ட வண்டிகளைத் திருப்பிவிட மெயின் லைன்தான் வழி. மருதையாற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை அலட்சியம் செய்ய மாட்டார்கள். மாற்றுப்பாதை வலுவாக இருப்பது மதுரைக்காரருக்கும் நெல்லைக்காரருக்கும் கூடப் பாதுகாப்பு.

ஆகவே தஞ்சாவூர் – விழுப்புரம் இரண்டாவது தண்டவாளத்தைப் பழம்பெருமைக்கான காணிக்கையாகக் கேட்கவில்லை. 1894இல் தன் வரிப்பணத்தில் ரயில் போட்டுக்கொண்ட மக்கள், இன்று கட்டும் வரியிலிருந்து கேட்கிறார்கள். டெல்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியினரானாலும் இந்த ஒரு கோரிக்கையில் ஒன்றாக நின்று, அடுத்த ரயில்வே நிதி ஒதுக்கீட்டிலேயே வேலையைத் தொடங்கவைக்க வேண்டும்.